மூடி மூடாது: ஓசூர் மாடியில ஒரு நெப்பந்தஸ்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைச் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது, லேஆஃப் புலம்பலும் கிடையாது. என் பால்கனியில தொங்கிட்டிருக்கிற ஒரு செடியைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன். அந்தச் செடிக்காக ஒரு தடவை நான் கிட்டத்தட்ட ஒரு குற்றம் பண்ணப் பார்த்தேன். அதையும் கடைசியில சொல்றேன்.

செடி பேரு நெப்பந்தஸ். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்கூல்ல "பூச்சி உண்ணும் தாவரங்களுக்கு உதாரணம் தருக"ன்னு கேட்டா நெப்பந்தஸ், ட்ரோசீரா, யூட்ரிகுலேரியான்னு மூச்சு விடாம எழுதுவோமே, அதே நெப்பந்தஸ். குடுவைத் தாவரம்னு தமிழ்ல சொல்லுவாங்க. ரெண்டு மார்க் வாங்கிட்டு மறந்துட்டோம். நான் அதை நேர்ல பார்க்க இருபத்தஞ்சு வயசு ஆச்சு.

புக்ல இருந்த படத்தைப் பார்த்து நான் என்ன நினைச்சிருந்தேன்னா, பூச்சி உள்ள போனதும் மேல இருக்கிற மூடி டக்குனு மூடிக்கும்னு. வீட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைத்தான் கேக்கறாங்க. "எப்போ மூடும்? ஒரு வீடியோ எடுக்கட்டுமா?"ன்னு. மூடாதுங்க. ஒரு தடவை திறந்தா அவ்வளவுதான், அந்தக் குடுவை காஞ்சு போற வரைக்கும் திறந்தேதான் இருக்கும். மூடிக்கு முக்கியமான வேலை மழைத்தண்ணி உள்ள விழுந்து ஜீரண நீரை நீர்த்துப்போக வைக்காம பார்த்துக்கிறது. ஒரு குடை, அவ்வளவுதான்.

அப்போ பூச்சி எப்படி மாட்டுது? குடுவையோட வாயைச் சுத்தி பளபளன்னு ஒரு விளிம்பு இருக்கும், வரிவரியா. அங்க தேன் சுரக்கும். 2004-ல போன், ஃபெடர்லேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயம் கண்டுபிடிச்சாங்க. அந்த விளிம்பு காய்ஞ்சு இருக்கும்போது எறும்பு ஜாலியா நடந்து, தேன் குடிச்சிட்டுப் போயிடும். அதே விளிம்பு மழையில, பனியில, இல்ல அதோட சொந்தத் தேன்லயே நனைஞ்சிருந்தா, மெல்லிசா ஒரு நீர்ப்படலம் உருவாகும். எறும்போட கால் அந்தப் படலத்து மேல வழுக்கும். மழை நாள்ல நம்ம ஓசூர் ரிங் ரோட்டுல பைக் வழுக்குற மாதிரியேதான்.

இதுக்கு மேல ஒரு விஷயம் இருக்கு. விளிம்பு பகல்ல பல மணி நேரம் காய்ஞ்சு கிடக்குன்னா, அது மோசமான பொறிதானே? புரொடக்‌ஷன்ல ஒரு சர்வீஸ் தினமும் அரை நாள் டவுன்னா மேனேஜர் சும்மா விடுவாரா? ஆனா 2015-ல வெளியான ஒரு ஆய்வு வேற மாதிரி சொல்லுது. புருனேயில காட்டுல இருந்த நெப்பந்தஸ் குடுவைகள் சிலதை நாள் முழுக்க ஈரமாவே வெச்சுப் பார்த்தாங்க. எறும்புகள் கூட்டமா மாட்டுறது குறைஞ்சு போச்சு. ஏன்னா, எப்பவும் வழுக்குற குடுவைக்கு முதல்ல வர்ற வேவு எறும்பு அங்கயே செத்துடும். காய்ஞ்ச குடுவைக்கு வந்த எறும்பு உயிரோட திரும்பிப் போகும். "மச்சி, அங்க தேன் இருக்கு"ன்னு மொத்தக் கூட்டத்தையும் கூட்டிட்டு வரும். அதுக்குள்ள விளிம்பு ஈரமாயிடும். மொத்தமும் உள்ள.

டவுன்டைம்தான் அதோட பலம். இதைப் படிச்ச அன்னைக்கு நைட்டு எனக்குத் தூக்கமே வரல.

ரோஜா ஊர்ல ஒரு பட்டினிச் செடி

இப்போ ஊருக்கு வருவோம். ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரியில இருந்து சூளகிரி வழியா மேல ஏறி வரும்போதே காத்து மாறுறது தெரியும். இந்த கிளைமேட்டுக்காகத்தான் இங்க இவ்வளவு ரோஜா. பாகலூர் பக்கம், தளி ரோடு பக்கம் எங்க பார்த்தாலும் பசுமைக்குடில். பிப்ரவரி 14-க்கு முன்னாடி லாரி லாரியா பூ போகும்.

அதனால இந்த ஊர்ல செடி வளர்க்கிறது பத்தி எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும், அந்தக் கருத்து பெரும்பாலும் "உரம் போடு". எங்க ஹவுஸ் ஓனர் அம்மா தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாங்க. என்னோட முதல் நெப்பந்தஸ் வாடிக்கிட்டு இருந்தப்போ பார்த்துட்டு, "என்ன பாபு, பிள்ளையைப் பட்டினி போட்டு வெச்சிருக்கே"ன்னாங்க. நானும் நம்பி ஒரு ஸ்பூன் டிஏபி போட்டேன். போர்வெல் தண்ணி தாராளமா ஊத்துனேன். ரெண்டே வாரத்துல இலை நுனி கருகுச்சு. ஒரு மாசத்துல செடி போயிடுச்சு.

அவங்க மேல தப்பில்ல. ரோஜாவுக்கு அது சரியான வைத்தியம். நெப்பந்தஸ் கதை நேர் எதிர். காட்டுல அது வளர்ற மண்ணுல நைட்ரஜனும் பாஸ்பரஸும் ரொம்பக் குறைவு. வேர்ல கிடைக்காததை இலையில பிடிக்கலாம்னு அது எடுத்த வழிதான் குடுவை. நாம இலைன்னு நினைக்கிற பச்சைப் பட்டை இலையோட அடிப்பகுதிதான். நுனியில கொடி மாதிரி நீண்டு, அதோட முனையில உப்பித் தொங்குற குடுவைதான் நிஜ இலை. அதுக்கு வேர்ல தாராளமா உரம் கொடுத்தீங்கன்னா, வேர் கருகலைன்னாக்கூட, குடுவை போடுற வேலையை அது விட்டுடும். பச்சைப்பசேல்னு இலை மட்டும் வரும். அதுக்குப் பசி தீர்ந்து போச்சு, அப்புறம் எதுக்குக் குடுவை?

ரெண்டாவது பிரச்சினை தண்ணி. இருநூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி எங்க போர்வெல் தண்ணியில விட்டுப் பார்த்தேன். 870 காட்டுச்சு. இந்தச் செடிக்கு ஐம்பதுக்குக் கீழ இருந்தா நல்லது, நூறு வரைக்கும் தாங்கும். அதாவது நான் மாசக்கணக்கா உப்புத்தண்ணி ஊத்திக் கொன்னிருக்கேன். இப்போ ஆர்ஓ தண்ணி, மழைக்காலத்துல மொட்டை மாடியில பக்கெட் வெச்சுப் பிடிச்ச மழைத்தண்ணி. தொட்டியில மண்ணே கிடையாது. ஸ்பேக்னம் பாசி, பெர்லைட், நல்லா அலசின தேங்காய் நார்த் துண்டு. அலசலைன்னா அதுல இருக்கிற உப்பே போதும் கொல்றதுக்கு.

ரெண்டாவது செடி வாங்கும்போது கொஞ்சம் புத்தி வந்திருந்துச்சு. வென்ட்ராட்டான்னு ஒரு கலப்பினம். அம்மா, அப்பா ரெண்டுமே பிலிப்பைன்ஸ் காட்டு வகைகள். ஆனா நம்ம கைக்கு வர்றது திசு வளர்ப்புலயும் கட்டிங்லயும் பெருக்கினது. கொஞ்சம் சூடு, கொஞ்சம் குளிர் ரெண்டையும் தாங்கும். ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் நல்லது. அதுதான் மூணு வருஷமா என் பால்கனியில தொங்குது.

ஒரு வருஷம், ஒரு பால்கனி

பிப்ரவரி, மார்ச்தான் எங்களுக்குக் கெட்ட காலம். வெயிலை விட வறண்ட காத்துதான் வில்லன். உதடு வெடிக்குது பாருங்க, அந்தச் சமயம். கொடியோட முனையில ஒரு அரிசி அளவுக்கு மொட்டு வரும், "ஆஹா குடுவை"ன்னு நினைப்போம், ரெண்டு நாள்ல பழுப்பாகி உதிர்ந்துடும். முதல் வருஷம் நான் பதறிப்போய் இடத்தை மாத்தி, பாசியை மாத்தி, தண்ணியை மாத்தி, எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்தினேன். பக் ஃபிக்ஸ் பண்றப்போ ஒரே கமிட்ல பத்து மாத்தம் பண்ணா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாதில்ல? அதே நிலைமை. இப்போ ஒண்ணுதான் பண்றேன். நிழல் வலையை இன்னொரு அடுக்கு போடுவேன், கீழ தட்டுல கூழாங்கல் போட்டுத் தண்ணி நிறைச்சு வைப்பேன். மிச்சத்தைச் செடி பார்த்துக்கும். குடுவை வராது. வரலைன்னா வரலை.

எங்க அக்கா கிருஷ்ணகிரியில இருக்காங்க. இதே செடியில இருந்து ஒரு கட்டிங் கொடுத்தேன். ஐம்பது கிலோமீட்டர் தூரம்தான், ஆனா கீழ. ஏப்ரல்ல போன் பண்ணி, "டேய், உன் செடி வெறும் இலையா நிக்குதுடா, குடுவையைக் காணோம். இதை எதுக்கு எனக்குக் கொடுத்தே"ன்னாங்க. ஒரே செடிதான், நானூறு மீட்டர் உயர வித்தியாசம் வேலையைக் காட்டுது. அவங்களுக்கு ஆகஸ்ட்டுக்கு மேலதான் குடுவை வருது.

ஏப்ரல் கடைசி, மே மாசத்துல கோடை மழை வரும். மாங்கா கொட்டுதுன்னு மத்தவங்க திட்டுற அதே மழைக்கு நான் பக்கெட்டோட மாடியில நிப்பேன். ரெண்டு நல்ல மழை போதும், கொடி முனையெல்லாம் வீங்க ஆரம்பிக்கும்.

ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் திருவிழா. மேகமூட்டம், தூறல், ஈரக்காத்து. குடுவை முதல்ல மூடின பை மாதிரி பெருசாகும். காத்து உப்பும், உள்ள கொஞ்சம் நீர் சேரும். ஒரு நாள் காலையில பார்த்தா மூடி திறந்திருக்கும். அடுத்த சில நாள்ல விளிம்பு மெதுவா வெளிப்பக்கமா சுருண்டு, பச்சையில இருந்து சிவப்பாகும். ஸ்டாண்டப் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு இதைப் பார்த்துட்டு நின்னிருக்கேன். ஆமா, ஒத்துக்கிறேன்.

இந்தச் சீசன்லதான் என் டீம்மேட் ஒருத்தன் வீட்டுக்கு வந்து, பாசமா ஒரு துண்டு சிக்கன் சிக்ஸ்டிஃபைவை உள்ள போட்டான். நாலு நாள்ல நாத்தம், ஒரு வாரத்துல குடுவை கருப்பு. கறி, சீஸ், எதுவும் வேண்டாம் மக்களே. எறும்பு தானா வரும். உள்ள எட்டிப் பார்த்தா கருப்பா ஒரு அடுக்கு கிடக்கும், எல்லாம் எறும்பு ஓடு.

நவம்பர், டிசம்பர், ஜனவரி குளிர். காலையில பனிமூட்டத்துல ரோடே தெரியாது. விளிம்பு நனைஞ்சே இருக்கும், ஆனா பூச்சி நடமாட்டம் குறைவு. வளர்ச்சி மெதுவாகும். புதுக் குடுவை சின்னதா, ஆனா நிறம் மட்டும் நல்லா ஆழமா வரும். இந்தக் குளிரை நம்பி ஒரு தடவை சாரசீனியா வாங்கினேன். அமெரிக்காவுல சதுப்பு நிலத்துல நேரா நிக்கிற குடுவைச் செடி அது. அதுக்கு வருஷத்துல மூணு, நாலு மாசம் நிஜமான குளிர்காலத் தூக்கம் வேணும். நம்ம 14 டிகிரி ராத்திரி அதுக்குக் கொட்டாவி விடத்தான் பத்துச்சு போல. ரெண்டாவது வருஷம் இளைச்சு இளைச்சுப் போயிடுச்சு. நம்ம ஊருக்கு எது சரிப்படும்னு பார்த்து வாங்கணும். அந்தப் பாடத்துக்கு நான் கட்டின ஃபீஸ் 1,200 ரூபா.

வேரோட வந்த ஒரு போட்டோ

இப்போ ஆரம்பத்துல சொன்ன விஷயம்.

நெப்பந்தஸ்ல 160-க்கும் மேல வகைகள் இருக்கு. பெரும்பாலும் போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் பக்கம். நமக்குப் பக்கத்துல இலங்கையில ஒண்ணு இருக்கு, நெப்பந்தஸ் டிஸ்டில்லட்டோரியா. சிங்களத்துல பந்துரான்னு சொல்வாங்க. உலகத்துல வேற எங்கயும் இயற்கையா கிடையாது. இந்தியாவுலயும் ஒண்ணே ஒண்ணுதான். மேகாலயாவுல காரோ, காசி, ஜெயந்தியா மலைகள்ல இருக்கிற நெப்பந்தஸ் கசியானா. காரோ மொழியில அதுக்கு "மெமாங் கொக்ஸி"ன்னு பேரு, பேயோட கூடைன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்சு ஒரு செடிக்கு இதை விட நல்ல பேர் கிடையாது.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்ல இருக்கிற ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சியாளர்கள் 2013-ல இந்தக் கசியானாவுல ஒண்ணு பார்த்தாங்க. புற ஊதா ஒளியில அதோட விளிம்பு நீல நிறத்துல ஒளிருது. அந்த ஒளிர்வை மறைச்சப்போ, மாட்டுற பூச்சி குறைஞ்சுது. இதைப் படிச்சிட்டு, ரூபா நோட்டு செக் பண்ற டார்ச்சை என் செடி மேல அடிச்சுப் பார்த்தேன். ஏதோ நீலமா தெரிஞ்சுது. டார்ச்சோட வெளிச்சமா, செடியோட வெளிச்சமான்னு என்னால பிரிக்க முடியல. ஆனா அன்னையில இருந்து ஒரு ஆசை பிடிச்சிடுச்சு. நம்ம நாட்டோட ஒரே நெப்பந்தஸ், அது என்கிட்ட இருக்கணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டிசம்பர் ராத்திரி, போன்ல ஒரு மெசேஜ். "ப்ரோ, கசியானா வேணுமா? 4,500. கொரியர் ஃப்ரீ." கூட ஒரு போட்டோ. நல்லா முதிர்ந்த செடி, ஆறேழு குடுவை. நான் யோசிக்கவே இல்ல. அமவுன்ட் டைப் பண்ணிட்டேன். பின் நம்பர் போடறதுக்கு முன்னாடி போட்டோவை இன்னொரு தடவை ஜூம் பண்ணேன். சும்மா, ஆசைக்கு.

வேர்ல மண் ஒட்டியிருந்துச்சு.

லேப்ல வளர்த்த செடி பாசியில வரும், இல்லன்னா சின்ன கப்ல வரும். இது மலையோட மண். கூடவே அறுந்த புல், காய்ஞ்ச இலை. "எந்த நர்சரி ப்ரோ?"ன்னு கேட்டேன். "நர்சரி மால் இல்ல ப்ரோ, ஒரிஜினல்"னு பெருமையா பதில் வந்துச்சு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 1991-ல செடிகளையும் சேர்த்தாங்க. மொத்த நாட்டுக்கும் ஆறே ஆறு பேர்தான் அப்போ அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. அதுல ஒண்ணு இந்தக் கசியானா. காட்டுல இருந்து பிடுங்கறது குற்றம். உரிமம் இல்லாம வளர்க்கிறதும் விக்கிறதும் குற்றம். சர்வதேச வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையிலயும் மிகக் கடுமையான முதல் பட்டியல்ல இருக்கு. தெற்கு காரோ மலையில பாக்மாராவுல இந்தச் செடிக்குன்னே ஒரு சரணாலயம் இருக்கு. பரப்பு எவ்வளவு தெரியுமா? மூணு ஹெக்டேர் கூட இல்ல. நம்ம சிப்காட்ல ஒரு பெரிய ஃபேக்டரியோட பார்க்கிங் அந்த அளவுக்கு வந்துடும். அதுக்கு வெளியே இருக்கிற செடிகளுக்கு நிலக்கரிச் சுரங்கம் ஒரு பக்கம், காட்டை எரிச்சு விவசாயம் பண்றது ஒரு பக்கம். மூணாவதா, போன்ல 4,500 டைப் பண்ணி வெச்சிருக்கிற நான்.

சட்டத்துக்குப் பயந்து நிறுத்தினேன்னு சொன்னா அது பொய். அந்த மண்தான் நிறுத்துச்சு. ஒரு விஷயத்தை ரொம்பப் பிடிக்குதுங்கிறதுக்காக அதை அது இருக்கிற இடத்துல இருந்து பிடுங்கி, ஒரு டப்பாவுல போட்டு, ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி, 870 டிடிஎஸ் தண்ணி இருக்கிற ஊருக்குக் கொண்டு வந்து... மார்ச் மாசம் அது என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியும். ஏற்கெனவே ஒண்ணைக் கொன்னவன் நான்.

வாங்கல. நம்பரை பிளாக் பண்ணேன். அதுதான் நான் பண்ண தப்பு. வனவிலங்கு குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம்னு மத்திய அரசுல ஒண்ணு இருக்கு, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அங்க அனுப்பியிருக்கலாம். நான் நல்லவனாயிட்டேன்னு நினைச்சுட்டுத் தூங்கிட்டேன். அந்தச் செடி அன்னைக்கே வேற யாருக்காவது போயிருக்கும். இப்போ அது எங்கயோ ஒரு பால்கனியில காய்ஞ்சு போயிருக்கும்.

அதனால நீங்க இந்த எபிசோட் கேட்டுட்டு நெப்பந்தஸ் வாங்கணும்னு நினைச்சா, தாராளமா வாங்குங்க. கலப்பினம் வாங்குங்க, எங்க வளர்த்ததுன்னு கேளுங்க. வேர்ல மண்ணோட, "காட்டு மால்"னு யாராவது பெருமையா சொன்னா ஸ்கிரீன்ஷாட் எடுங்க, என்னை மாதிரி சும்மா இருந்துடாதீங்க. பூச்சி பிடிக்கிற செடியைக் காட்டுல பார்க்கணும்னா மேகாலயா வரைக்கும் கூடப் போக வேண்டாம். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் மழை முடிஞ்ச சமயத்துல ஈரப் புல்தரையில குனிஞ்சு தேடுங்க. ட்ரோசீரா இருக்கும். சின்னதா, இலையெல்லாம் பனித்துளி ஒட்டின மாதிரி மினுங்கும். போட்டோ எடுங்க, பிடுங்காதீங்க.

என் வென்ட்ராட்டா இப்போ எப்படி இருக்குன்னா, இது மார்ச்சுங்கிறதால, சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. போன வருஷத்துக் குடுவைகள் பாதி காய்ஞ்சு தொங்குது. நேத்து ஹவுஸ் ஓனர் அம்மா மாடிக்கு வந்தவங்க பார்த்துட்டு, "பாபு, இன்னும் பட்டினிதானா?"ன்னாங்க. "ஆமாம்மா, இதுக்கு அதான் சாப்பாடு"ன்னேன். கொஞ்ச நேரம் குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் கையில இருந்த மக்குத் தண்ணியை, இதுக்கு ஊத்தாம, பக்கத்துல இருந்த அவங்க ரோஜாவுக்கு ஊத்திட்டுப் போனாங்க.

கோடை மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. பக்கெட் ரெடி.